ஊதுபத்திச் சந்தில் உட்கார்ந்த பை

அடைக்கலமேரி அந்தப் பையைக் கீழே வைத்தது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், நல்ல வெயிலில், மலைக்கோட்டைக்குக் கீழே ஊதுபத்திச் சந்தில், முத்துக்கருப்பனின் தேங்காய்க் கடைக்கு நேர் எதிரே. அதற்கு முன்னால் அவள் தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் எந்தப் பையும் தரையைத் தொட்டதில்லை, ஏனென்றால் சேர வேண்டியவர் கைக்குச் சேரும்வரை பை தரையைத் தொடக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் சட்டம். பஸ்ஸில் வந்தால் பை அவள் மடியில் இருக்கும், சாப்பிட உட்கார்ந்தால் தொடைகளுக்கு நடுவில் இருக்கும், ஒதுங்கப் போனால் கழுத்தில் தொங்கும், சென்னையிலிருந்து திருச்சிவரை அவள் கண்ணை மூடியதே இல்லை என்று அவளோடு போட்டிக்கு நின்ற ஆண்களே ஒத்துக்கொண்டார்கள்.

பாலக்கரைக்காரி. கல்யாணமான சூட்டோடு புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான், அவளும் தேடவில்லை. காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் ஆம்பளைகளுக்குச் சரியாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவளைப் பாத்திரக்கடை சபாபதி முதலாளி அந்தத் தோளைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார். பாத்திரக்கடை சும்மா பேருக்கு. எவர்சில்வர் குடத்துக்குப் பின்னால் நடந்தது உண்டியல் வியாபாரம். அரபு நாட்டில் ஒருத்தர் பணத்தைக் கட்டுவார், இங்கே அவர் வீட்டு மனுஷர் ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அதன் நம்பரைப் போனில் படித்துச் சொல்வார், அந்த நம்பர் அடைக்கலமேரியின் மனசில் ஏறும், நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பை போகும். பைக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றை அவள் பிடித்திருப்பாள், மற்றதை வாங்குகிறவர் பிடிக்க வேண்டும், "வாங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவள் கையை எடுப்பாள். மேசைமேல் வை, திண்டுமேல் வை என்று சொன்ன பெரிய மனுஷர்களையெல்லாம் அவள் நின்ற நிலையில் காக்க வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு வந்த பையில் இருந்தது செத்துப்போன ஒருவனின் காசு. அவன் அரபு நாட்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தவன். அவனுடைய பாக்கிச் சம்பளமும், கூடத் தங்கியிருந்தவர்கள் தங்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கிள்ளிப் போட்டதும் சேர்ந்து அந்த நீலப் பைக்குள் வந்திருந்தது. சென்னை மண்ணடியில் அதைக் கொடுத்த ஆள் சொல்லித்தான் கொடுத்தான். "யக்கா, மௌத்தானவன் காசு. அவன் தம்பி வீட்டுல பங்கு கேட்டு நிக்கிறான். ஆடி முடியறதுக்குள்ள பங்குக் காசை எடுத்து வெச்சா அவன் பொஞ்சாதி ரெண்டு புள்ளைகளோட அங்கயே இருந்துக்கும். இல்லன்னா பூட்டிருவான். பாத்துக்கங்க." பாத்துக்கறேன் என்று அவள் சொன்னாள். அந்தப் பெண்ணின் ஊரும் பேரும் அவளுக்குத் தெரியாது. அது முதலாளிக்கு மட்டும்தான் தெரியும், வழக்கம் அப்படி.

அந்த வழக்கம்தான் முதலாளிக்குப் புத்தியைக் கொடுத்தது. செத்தவன் வந்து கேட்கப் போவதில்லை, விதவைக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது, வழியில் பை பறிபோனாலோ கொண்டு வந்தவள் தலையில் கடன் விழும்; பைக்குப் பையும் ஆயிற்று, அவளுடைய அம்மா வெங்காய மூட்டை தூக்கிக் கட்டிய பாலக்கரை வீடும் ஆயிற்று. ஆகவே அவள் முகவரி கேட்கக் கடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோது சந்தில் புல்லட் ஒன்று குறுக்கே வந்து நின்றது, முகத்தில் கர்சீப் கட்டிய இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருத்தன் கையில் கத்தி. முகத்தை மறைத்தவன் சட்டையை மறைக்கவில்லை. முதலாளி போன தீபாவளிக்குக் கடை ஆட்களுக்கு ஒரே தானில் எடுத்துக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை அது, அதை அவளும் அன்றைக்குக் கூட நின்று பார்த்தவள். கண்ணைப் பார்த்தால் கடையாள் கதிரேசன், அனுப்பியவர் யார் என்பது அந்தச் சட்டையிலேயே எழுதியிருந்தது. அடைக்கலமேரிக்குப் பயம் வரவில்லை, செத்தவன் காசில் கை வைக்கிறானே பாவி என்று ஆத்திரம் வந்தது. அடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பையைக் கீழே வைத்தாள்.

அடி கொஞ்ச நேரம்தான். முத்துக்கருப்பன் கடையில் குவித்திருந்ததில் குடுமி நல்ல நீளமாக இருந்த தேங்காய் ஒன்றைப் பிடித்து அவள் சுழற்றியதில் கதிரேசனின் முட்டி போயிற்று, மற்றவனுக்குத் தோள் இறங்கிற்று, புல்லட்டை அங்கேயே போட்டுவிட்டு ஆளுக்கொரு திக்கில் நொண்டி ஓடினார்கள். அவள் முந்தானையை உதறிச் சொருகி, தேங்காய்க்குக் காசு எவ்வளவு என்று கேட்டு, குனிந்து பையை எடுத்தாள். பை வரவில்லை.

இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். காலை அகட்டி, மண்டியில் மூட்டைக்குக் குனிகிற மாதிரி இடுப்பை இறக்கி, மூச்சைப் பிடித்து எடுத்துப் பார்த்தாள். பை தரையோடு பேசி வைத்துக்கொண்டது போல் அப்படியே இருந்தது.

"யக்கா, யாவார நேரம்," என்றான் முத்துக்கருப்பன். "கொஞ்சம் தள்ளி வையுங்க."

"வந்தா வைக்க மாட்டேனா? நீ வந்து தூக்கு."

அவன் வந்தான், முடியவில்லை. இரும்புக்கடை ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள், கடப்பாரை வளைந்தது. குட்டி யானை வண்டியில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள், வண்டியின் பின்பக்கம் கழன்று வந்தது, டிரைவர் அதற்கு யாரிடம் காசு கேட்பது என்று தெரியாமல் கடைசியில் கயிறு கொடுத்தவனிடம் கேட்டான். பையின் ஜிப்பும் நகரவில்லை, கத்தியும் இறங்கவில்லை. அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் பூக்கூடையோடு வருகிற ரெங்கநாயகி, கூட்டத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு கூட்டம்? விபீஷணன் பெருமாளைக் கீழே வெச்சான், அவனால எடுக்க முடிஞ்சுதா? எடுக்க முடிஞ்சிருந்தா நான் எங்க பூ வித்துக்கிட்டு இருப்பேன்?" என்று சொல்லி, கூடையைப் பையின்மேல் இறக்கி வைத்து மல்லி கட்ட ஆரம்பித்தாள். அதோடு ஊருக்கு ஒரு தெளிவு வந்துவிட்டது. இந்த ஊரில் இது முன்னாலும் நடந்திருக்கிறது, அப்புறம் என்ன.

போலீசுக்குத்தான் சங்கடம். சப்-இன்ஸ்பெக்டர் வந்து பை யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்று சொன்னால் உள்ளே இருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சந்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "கேட்பாரற்ற பொருள்" என்று எழுதினார், ஆனால் கேட்பாரற்ற பொருளை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போக வேண்டுமே, அதனால் அதை அடித்துவிட்டு "நடைபாதை ஆக்கிரமிப்பு" என்று எழுதி மாநகராட்சிக்குத் தள்ளினார். மாநகராட்சியில் வந்து அளந்தார்கள், சுற்றிலும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தார்கள், நகராத பொருளாக இருப்பதால் அசையாச் சொத்தில் சேர்த்து வரி போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தார்கள். வருமான வரிக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்து இறங்கி, ஜிப்போடு மல்லுக்கட்டி, விரலில் ரத்தம் வந்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு சந்து பையோடு வாழக் கற்றுக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் அதைச் சுற்றித் திரும்பப் பழகினார்கள், பழகிய பிறகு அந்த இடத்துக்கு பை ஸ்டாப்பிங் என்று பேர் வைத்தார்கள், பேர் வந்ததும் இறங்குவதற்கு ஆள் வந்தார்கள், ஆள் வந்ததும் ஜவுளிக்கடை விளம்பரத்தில் "பைக்கு எதிரில்" என்று போட்டது, முத்துக்கருப்பன் கடைக்கு வெளியே பெஞ்சு போட்டு டீயும் விற்க ஆரம்பித்தான், வெள்ளைப் பூனை ஒன்று மத்தியான வெயிலுக்குப் பையின் நிழலைப் பிடித்துக்கொண்டது, வீட்டில் சண்டை போட்ட புருஷன்மார்கள் அதைத் தூக்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்று வீட்டுக்குத் திரும்பினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். யாரோ சந்தனம் பூசி ஊதுபத்தி கொளுத்தினார்கள், மெழுகுவர்த்தியும் வந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அடைக்கலமேரி ஈரத்துணியால் அத்தனையையும் துடைத்து எறிந்தாள்.

"இது சாமி இல்ல. அடுத்தவங்க காசு," என்றாள். "கும்பிடறவங்க மேல கோயிலுக்குப் போங்க, படி நிறைய இருக்கு."

சந்தைவிட்டு அவள் நகரவில்லை. சோறு அங்கேயே வந்தது, ராத்திரிக்கு முத்துக்கருப்பன் கடை ஷட்டரை ஒட்டிப் பாயை விரித்தாள். வெளிக்கு விறைப்பாக இருந்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். அம்மா கட்டிய வீட்டை நினைத்துப் பயம், அதைவிட, முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துப் பயம். ஆடி ஓடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தன் பூட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

சபாபதி முதலாளி ஒருநாள் மத்தியானம் தானே வந்தார். வெள்ளை வேட்டி, மோதிரம், மெல்லிய குரல். முத்துக்கருப்பனின் பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக்கொண்டார்.

"மேரி, தரையைத் தொட்ட பை யார் கணக்கு?"

"தூக்கிட்டு வந்தவ கணக்கு, முதலாளி."

"தெரியுதுல்ல? அப்ப பாலக்கரை வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துரு. எனக்கு மட்டும் ஆசையா? சட்டம் அப்படி."

"கதிரேசன் முட்டி எப்படி இருக்குது?"

டீ டம்ளர் கொஞ்சம் நின்றது. "எந்தக் கதிரேசன்?"

"தீபாவளிச் சட்டை போட்டிருந்தானே, அவன்தான்."

முதலாளி சிரித்தார். அவர் சிரித்தால் கடையில் ஆட்கள் தூசி தட்ட ஓடுவார்கள்.

"அந்தப் பொண்ணு அட்ரஸைச் சொல்லுங்க," என்றாள் அவள். "கூட்டிக்கிட்டு வந்து உன் காசு இங்கதான் இருக்கும்மான்னு கண்ணுலயாவது காட்டிடறேன்."

"எடுக்க முடியாத பைக்கு அட்ரஸ் எதுக்கு?" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "ஆடி முடியட்டும். அப்புறம் உன்னைப் பத்திரத்தோட தூக்கிட்டுப் போக ஆள் அனுப்புறேன்."

"அனுப்புங்க. தூக்கறாங்களான்னு பாப்போம்."

முதலாளிக்கு அந்தப் பதில் ராத்திரியெல்லாம் குடைந்திருக்க வேண்டும். தொழிலில் ஊறியவர் அவர். நோட்டு எவர் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பை என்று தன் வாயால் ஆயிரம் தடவை சொன்னவர், சொல்லிச் சொல்லி அதை அவரே முழுசாக நம்பியிருந்தார். நோட்டு கைக்கு வந்தால் பையும் தானாக வரும் என்று அவர் கணக்குப் போட்டதுதான் அவர் செய்த தப்பு, வேறு தொழிலில் இருக்கிற எவனுக்கும் அந்தத் தப்பைச் செய்யத் தோன்றியிருக்காது. கதிரேசனை அனுப்பி அந்தப் பெண்ணிடமிருந்து நோட்டை வாங்கிவரச் செய்தார். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, சந்து நிறைய ஜனம் இருக்கிற நேரமாகப் பார்த்து, சப்-இன்ஸ்பெக்டர் லீவில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு, கையில் பத்து ரூபாய் நோட்டைத் தூக்கிப் பிடித்தபடி பைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. நோட்டு என் கையில. பை என்னுது."

அதுவரை ஊரில் ஒருத்தர்கூட அந்தப் பையை என்னுடையது என்று சொன்னதில்லை. கூட்டம் சத்தமில்லாமல் நெருங்கிற்று. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, நோட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைப்பிடியையும் பிடித்து இழுத்தார். நெற்றி நரம்பு புடைத்தது, மோதிரம் விரலுக்குள் இறங்கிற்று, பை அசையவில்லை. கதிரேசன் நொண்டிக்கொண்டு வந்து ஒரு கைப்பிடியைப் பிடித்தான், இன்னும் இரண்டு பேர் முதலாளியின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், வேட்டிதான் வந்தது.

சந்து சிரித்தது. அடைக்கலமேரி சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நம்பரைச் சொல்லுங்க முதலாளி."

அவர் நோட்டை வாயிலிருந்து எடுத்து, வேட்டியை அள்ளிச் சுற்றிக்கொண்டார். "நோட்டுதான் இருக்கே, பாரேன்."

"நான் எதுக்குப் பாக்கணும், எனக்கு மனப்பாடம். நீங்க பாக்காம சொல்லுங்க."

முதலாளியின் கண் நோட்டுக்குப் போயிற்று. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் நம்பரைச் சொல்லிற்று. முதலில் எழுத்துகள், பிறகு எண்கள், எங்கும் தடுக்காமல், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி கடைசிவரை சொல்லி முடித்தது. ஜனம் விலகிற்று. நரைத்துப்போன கறுப்பு புர்காவில், செருப்பில் செம்மண் ஒட்டியிருந்த ஒல்லிப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் மைமூன். இனாம்குளத்தூர்," என்றாள். கதிரேசனைக் கையால் காட்டினாள். "நோட்டைக் குடு, சாயங்காலமே காசு வந்துரும்னு சொல்லி இந்தத் தம்பிதான் வாங்கிட்டுப் போச்சு. வரல. அது பேச்சுவாக்குல சொன்ன பாத்திரக்கடைக்கு வந்து கேட்டேன், முதலாளி பைகிட்ட இருக்காருன்னாங்க. ஆட்டோக்காரர் பை ஸ்டாப்பிங்னு இங்க எறக்கி விட்டாரு."

"நம்பரை எப்படிம்மா மனப்பாடம் பண்ணுன?" என்று கேட்டாள் ரெங்கநாயகி.

"அவரு மௌத்தானதுக்கு அப்புறம் அவரு ரூம்காரங்களுக்குப் போன்ல படிச்சேன். லைன் கட்டாயிக்கிட்டே இருந்துச்சு. அழுவ வந்துச்சு, அழுவாம திரும்பத் திரும்பப் படிச்சேன்." அவள் பையைப் பார்த்தாள். "இதுவா?"

மூன்று வாரத்துக்கு மேலாக முகம் தெரியாமல் இருந்த பெண் இவ்வளவு சின்னவளாக இருப்பாள் என்று அடைக்கலமேரி நினைக்கவில்லை. ரெங்கநாயகி கேட்காமலே தன் பூக்கூடையை எடுத்துக்கொண்டாள். அடைக்கலமேரி குனிந்து ஒரு கைப்பிடியைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கத்தைப் பிடிம்மா. நான் சொல்றவரைக்கும் வாயைத் திறக்காத. வாங்கிட்டேன்னு சொல்லிராத."

மைமூன் பிடித்தாள். பை வந்தது, கடையில் பால் பாக்கெட்டை எடுக்கிற மாதிரி லேசாக வந்தது. கீழே தார் ரோட்டில் பை அளவுக்கு ஒரு இடம் வெளுத்திருந்தது, பூனை போய் அதை மோந்து பார்த்தது. இத்தனை நாளும் தூக்கியவர்களெல்லாம் தனியாகத் தூக்கினார்கள், அல்லது திருடனும் திருடனுமாகத் தூக்கினார்கள். கொடுக்கிறவளும் வாங்குகிறவளும் சேர்ந்து யாரும் கை வைக்கவில்லை. தெரிந்த பிறகு அது எல்லாருக்கும் சாதாரண விஷயமாகத்தான் தோன்றிற்று.

முத்துக்கருப்பனுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. "யக்கா, பையை எடுத்துட்டா பை ஸ்டாப்பிங் என்னாகும்? பெஞ்சு வேற போட்டுட்டேன்."

"இடம் இங்கதானே இருக்குது. போயிட்டு வந்துடறேன்."

"மேரி," என்றார் முதலாளி. குரல் இப்போதும் மெல்லியதுதான். "அந்தப் பையோட இந்தச் சந்தைத் தாண்டினா, அப்புறம் இந்த ஊர்ல உனக்குச் சோறு கிடையாது."

"வெங்காய மூட்டை கிடக்குது முதலாளி, தூக்கித் தின்னுக்கறேன். நீங்க வேட்டியைச் சரியாக் கட்டுங்க."

முதலாளியின் ஆட்கள் சந்தின் வாயை அடைத்து நின்றார்கள். இரண்டு பெண்களும் நடுவில் பையோடு அவர்களைப் பார்த்து நடந்தார்கள். ரெங்கநாயகி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். முத்துக்கருப்பன் கையில் ஒரு தேங்காயோடு பின்னால் வந்தான், வியாபாரத்துக்கா சண்டைக்கா என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் இரும்புக்கடை ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் பந்தயத்தில் தோற்ற புருஷன்மார்கள். கதிரேசன் தேங்காயைப் பார்த்தான். தன் முட்டியைப் பார்த்துக்கொண்டான். முதலில் வழி விட்டவன் அவன்தான்.

பஸ்ஸில் இரண்டு பேரும் பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஒருத்தியும் கையை எடுக்கவில்லை. கண்டக்டர் லக்கேஜுக்கு டிக்கெட் கேட்டார், வாங்கினார்கள். வழியெல்லாம் மைமூன் தன் புருஷனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னாள், அவனுக்கு உயரம் என்றால் பயம் என்று. அடைக்கலமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனாம்குளத்தூரில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது கொழுந்தன் வாசலில் புதுப் பூட்டோடு நின்றிருந்தான், பிள்ளைகள் இரண்டும் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தன. மைமூன் செருப்பைக் கழற்றி, வாசற்படியைத் தாண்டி, பை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்கத் திரும்பி நின்றாள்.

"இப்பச் சொல்லு," என்றாள் அடைக்கலமேரி.

"வாங்கிட்டேன்," என்றாள் மைமூன்.

அடைக்கலமேரி கையை எடுத்தாள். விரல்கள் உடனே நிமிரவில்லை. உள்ளே மைமூன் ஜிப்பை இழுத்தாள், அது எல்லா ஜிப்பையும் போலத் திறந்தது. கொழுந்தன் பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். டீ குடிச்சிட்டுப் போங்கக்கா என்று மைமூன் சொன்னதற்கு, எனக்கு இன்னொரு இடத்துல சோலி இருக்கும்மா என்று அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஊதுபத்திச் சந்தில் ஆட்டோக்கள் வழக்கம்போல இல்லாத பையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தன. அடைக்கலமேரி தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெளுத்திருந்த அந்த இடத்தில் சரியாகப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் ஏறுகிற நேரத்துக்கு வண்டி வந்தது, முதலாளி முன்சீட்டில், கையில் ஸ்டாம்ப் பேப்பர். கதிரேசனும் மூன்று பேரும் இறங்கினார்கள்.

"யக்கா, எந்திரிங்க. பை தரையைத் தொட்டது தொட்டதுதானாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்."

"நான் வரல."

"தூக்கிட்டுப் போகச் சொல்லியிருக்காரு."

"அப்ப தூக்கு."

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நாற்காலியின் காலைப் பிடித்துத் தூக்கினார்கள், தோளைப் பிடித்துத் தூக்கினார்கள், மூச்சைப் பிடித்து எண்ணிச் சேர்ந்து தூக்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, நாலு கால், ஒரு மனுஷி. அரை அங்குலம் எழவில்லை. முதலாளி வண்டியிலிருந்து இறங்கிவந்து கிட்ட நின்று பார்த்தார், பிறகு வேட்டி மடிப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். ரெங்கநாயகி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள், நிலைமையைப் பார்த்தாள், கூடையை அடைக்கலமேரியின் கால் பக்கத்தில் இறக்கி மல்லி கட்ட ஆரம்பித்தாள்.

"வண்டியை எடுங்கப்பா, ஆட்டோ திரும்பணும்," என்றான் முத்துக்கருப்பன், டீயை அடைக்கலமேரியின் கையில் கொடுத்தபடி.

கதிரேசன் இன்னும் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் அவன் தலைக்கு மேலே டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்தாள்.

"சக்கரை பத்தல," என்றாள்.